தம்பி பெயரில் வந்த வட்டி

சிலிண்டர் கொண்டு வந்தவன் வாசலில் நின்று நம்பர் கேட்டான். எபனேசர் குளித்துக்கொண்டிருந்தான்.

"மேசை மேலதான்க்கா போன் கெடக்கு. பாத்துச் சொல்லிரு" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

கேத்ரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்பியின் போனைத் திறந்தாள். கேஸ் கம்பெனி அனுப்பிய நம்பரைத் தேடிப் போன விரல், அதற்கு மேலே கிடந்த இன்னொரு செய்தியில் நின்றது. எல்லாம் ஆங்கிலம். ஆனால் எண்களைப் படிக்க ஆங்கிலம் தேவையில்லை. இருபத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து. பக்கத்தில் 'டேக்ஸ்' என்ற சொல். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும்.

சிலிண்டர்க்காரனுக்கு நம்பர் சொல்லி, காசைக் கொடுத்து, மூடியைத் திறந்து வாஷர் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, அவனை அனுப்பிய பிறகுதான் குளியலறைக் கதவருகே போனாள்.

"ஏலே எபி, இருவத்தி நாலாயிரம் கட்டணும்னு என்னமோ டேக்ஸ் வந்திருக்கே?"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"அது ஏமாத்து மெசேஜுக்கா. ஊரு பூராத்துக்கும் வருது. அமுக்கிராத."

கேத்ரின் நம்பினாள். அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் ஒருத்தி, கரண்ட் பில் கட்டவில்லை என்று வந்த செய்தியை அமுக்கிவிட்டுச் சீட்டுப் பணம் மொத்தத்தையும் தொலைத்தவள். அழுது அழுது கண் வீங்கி வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள். ஆகவே அந்தச் செய்தியை நம்பவில்லை, தம்பியை நம்பினாள். ஆனால் தண்ணீர்ச் சத்தம் ஏன் நின்றது என்பது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உள்ளே கிடந்தது.

தம்பியைச் சந்தேகப்படுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. மற்ற யாரையும் சந்தேகப்படுவாள். பால்காரன் ஊற்றும்போது நுரையைப் பார்ப்பாள். ரேஷன் கடையில் தராசு முள்ளைப் பார்ப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் மீதி தருகிறேன் என்று டிக்கெட்டின் பின்னால் எழுதினால், இறங்கும்வரை அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். எபனேசர் விஷயம் வேறு. வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் அவர்கள் ஊர். அப்பா மாந்தோப்பில் மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அவள் எட்டாம் வகுப்பு, அவன் இடுப்பில் நிற்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தை விட்டு மில் பஸ் ஏறினாள். ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்து அவனைப் படிக்க வைத்தாள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, ஓடிப் பழக அவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு இரண்டு தடவை கல்யாணப் பேச்சு வந்தது. தம்பி லீவில் வரட்டும் என்றாள். இரண்டு தடவையும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு எபனேசர் திரும்பி வந்தான். வந்த பணத்தோடு கடனும் வாங்கி, ராஜபாளையத்தில் சின்னதாக ஒரு வீடு. பென்ஷன் போதாமல் ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலை. பென்ஷனும் சம்பளமும் அக்காள் கைக்குத்தான் வரும். அவள்தான் வீட்டுக்கடன், மளிகை, மதுரையில் நர்சிங் படிக்கும் அவன் மகளுக்கு ஃபீஸ் என்று பிரித்து வைப்பாள். தன்னுடைய கூலியையும் அதிலேயே போடுவாள். எபனேசரின் மனைவி ஷீனா புதுப்பெண்ணாக வந்த காலத்தில் இதற்கு முகம் சுளித்தாள். பிறகு மாதக் கடைசியில் கூட வீட்டில் எண்ணெய் இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டாள்.

"எந் தம்பி சம்பளக் கவரைப் பிரிச்சதில்ல" என்று பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டே கேத்ரின் சொல்வாள். சம்பளம் பேங்கில் விழ ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அப்படித்தான் சொல்வாள்.

குறுஞ்செய்தி வந்து இரண்டு வாரம் கழித்துத் தபால்காரர் வந்தார். பதிவுத் தபால், எபனேசர் பெயருக்கு. கேத்ரின் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். ஏமாற்றுக்காரன் போனில் வருவான், பதிவுத் தபாலுக்கு ஸ்டாம்பு ஒட்டுவானா? பிரித்தாள். அதே இருபத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து. அதற்கு மேலே ஒரு கட்டத்தில், 'பேங்க்' என்ற சொல்லுக்கு நேராக, ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துச் சொச்சம்.

தம்பி டூட்டியில் இருந்தான். அவன் வரும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் வெங்கடேஸ்வரியிடம் போனாள். வருஷா வருஷம் எபனேசருக்கு வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள்தான். தெலுங்கு வீட்டுப் பெண், நறுக்கென்று பேசுவாள்.

வெங்கடேஸ்வரி தாளை வாங்கிப் படித்தாள். கம்ப்யூட்டரில் என்னவோ திறந்து பார்த்தாள். பிறகு கேத்ரினை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, நெசமான நோட்டீஸ்தான். மூணு வருசத்துக்கு முந்துன கணக்கு. பென்ஷனும் சம்பளமும் மட்டும் காட்டிருந்தோம். அஞ்சு லட்சத்துக்குக் கீழ இருந்துச்சு, வரி இல்ல. இப்ப பேங்க் வட்டி ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் இருக்குன்னு அவங்களே கண்டுபுடிச்சிட்டாங்க. அதையும் சேத்தா அஞ்சு லட்சம் தாண்டிருது. தாண்டிட்டா, தாண்டுனதுக்கு மட்டும் இல்ல, கீழ இருந்தும் சேத்து வரி போடுவாங்க. அதுக்கு வட்டி வேற."

"எங்களுக்கு ஏதும்மா பேங்கு வட்டி? நீ எதையாச்சும் மாத்தி அடிச்சிட்டியோ?"

வெங்கடேஸ்வரிக்குச் சுருக்கென்றது. "நானா? அன்னைக்கு வேற வட்டி ஏதாச்சும் உண்டான்னு கேட்டேனே. இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு நீங்கதான் சொன்னீங்க. 'எந் தம்பிக்கு அஞ்சு பைசா வட்டி வராது, நான் குடுத்தாத்தான் டீ குடிப்பான்'னு."

சொன்னது உண்மைதான்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பிராஞ்சுன்னு போட்ருக்கு" என்று வெங்கடேஸ்வரி தாளை மடித்துக் கொடுத்தாள். குரல் தணிந்தது. "வட்டியே இம்புட்டுன்னா அசல் எம்புட்டு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. பதினேழு, பதினெட்டு லட்சம் இல்லாம இந்த வட்டி வராது. வீட்ல கேளுங்கக்கா. ஆம்பளைங்களுக்கு ஆயிரம் இருக்கும். அடுத்த வருசத்துல இருந்து ஏழு லட்சம் வரைக்கும் விட்டுட்டாங்க, அதனால இது ஒண்ணோட தப்பிச்சீங்க. மாசக் கடைசிக்குள்ள கட்டிருங்க. இல்லேன்னா அபராதமும் ஏறும்."

பதினெட்டு லட்சம். தென்காசி சாலையோரமாக நடந்து வரும்போது கேத்ரினுக்கு, வீடு கட்டும்போது பணம் போதாமல் மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. "கையில இருந்தது பூரா தீந்திருச்சுக்கா" என்று அவன் அன்றைக்குச் சொன்னான். இவள் தன் பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பட்டாளத்தில் கிடைத்தது எவ்வளவு என்று அவள் ஒருநாளும் தாள் பார்த்துக் கேட்டதில்லை. நுரையையும் தராசு முள்ளையும் பார்த்தவள் அதை மட்டும் பார்க்கவில்லை.

நோட்டீஸை அவள் எபனேசரிடம் காட்டவில்லை. காட்டினால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். முதலில் தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள்.

அதன் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் வேறு மாதிரி தெரிந்தது. ஷீனா புதிதாக வாங்கிய குக்கர். தீபாவளிக்கு முன்னால் வந்துபோன ஷீனாவின் தம்பி ஓட்டி வந்த புது பைக். சாப்பிடும்போது எபனேசர் சோற்றை அளைந்துகொண்டே யோசித்தான். இவள் அவனைப் பார்த்தால் அவன் தட்டைப் பார்த்தான். இவள் தட்டைப் பார்த்தால் அவன் இவளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

முதலில் ஷீனாவிடம்தான் வாயைக் கொடுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி ஷீனா, குக்கர் என்ன வெலை?"

"மகளிர் குழுவுல குலுக்கல்ல விழுந்தது மதினி. அன்னைக்கே சொன்னேனே."

"உந் தம்பி பைக்கும் குலுக்கல்ல விழுந்ததுதானா?"

ஷீனா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "அவன் தவணைக்கு வாங்கிருக்கான். என்ன மதினி, ஒரு வாரமா என் முந்தானை முடிச்சத் தவிர எல்லாத்தையும் கெளறிப் பாத்துட்டிய. வேணும்னா அதையும் அவுத்துக் காட்டட்டா?"

"கேட்டாக் கோவம் வருதோ?"

"எம் பேர்ல இருக்கிறது குழு லோன் ரெண்டு. அதுல ஒண்ண எடுத்துக்கிடுங்க. மனசாரத் தாரேன்."

அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயமா வேறா என்று கேத்ரினால் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் எபனேசர் வந்து நின்றான். "அக்கா, என் பேன் கார்டு ஒம் பெட்டியில இருக்குல்ல? மில்லுல கேக்காவ. எடுத்துத் தா."

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். மில்லில் யார் கேட்டார்கள், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டது வேண்டுமென்றுதான்.

மறுநாள் பேண்டேஜ் கம்பெனிக்கு நூல் வரவில்லை, லீவு. எபனேசர் டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அவன் மறக்கிறவனில்லை. கேத்ரின் அதை எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போனாள். அவன் நாற்காலியில் சங்கையா உட்கார்ந்திருந்தார், அவனோடு டூட்டி பார்க்கும் பெரியவர்.

"எபனேசரா? இன்னைக்கு லீவு சொல்லிருக்கானே தாயி. போன வாரமும் ஒரு நா போட்டான். வீட்ல சொல்லலியா?" கேட்டு முடித்த பிறகுதான் சங்கையாவுக்கு, கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. "பயலுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ" என்று தானே ஒரு காரணத்தையும் சொன்னார்.

கேத்ரின் டிபன் பாக்ஸோடு அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் மலை கூடவே வந்தது. பேங்கில் போய் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. என் தம்பி பணம் வைத்திருக்கிறானா என்று கேட்டால் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டாலும் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். பதினெட்டு லட்சம் இருந்தால்கூடப் பரவாயில்லை. அது எங்கிருந்து வந்தது? யாருக்காக? தன்னிடம் சொல்லக் கூடாத அளவுக்கு அவள் என்ன செய்தாள்? இவன் பொய்யன் என்றால், பஸ் ஏறிய அந்தப் பதின்மூன்று வயதிலிருந்து அவள் வாழ்ந்தது என்ன கணக்கு?

பேங்கில் கூட்டம். டோக்கன் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் நிமிர்ந்த முதுகாக ஒன்று தெரிந்தது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் நிமிர்ந்த முதுகு. கேத்ரின் போய் எதிரில் நின்றாள்.

எபனேசர் தலை தூக்கினான். "நீ இங்க என்ன செய்யுத?"

"நீ இங்க என்ன செய்யுத?"

கேத்ரின் டிபன் பாக்ஸை நீட்டினாள். "சோத்த மறந்துட்ட."

அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து அவன் நம்பர் வந்தது. அவன் எழுந்தான். அவளும் கூடவே நடந்தாள். "நீ இரு" என்றான். "இருக்க மாட்டேன்" என்றாள்.

கவுண்டரில் இருந்த பெண் பேன் கார்டை வாங்கித் தட்டிப் பார்த்தாள். "ஆமா சார், டெபாசிட் இருக்கு. போன வாரமே சொன்னேனே, கார்டு இல்லாம விவரம் சொல்ல முடியாதுன்னு. பதினெட்டு லட்சம். ரெண்டு பேர் சேந்து போட்டது. முதல் பேரு எபனேசர். ரெண்டாவது பேரு ஞானராஜ்."

"எந்த ஞானராஜ்?" என்று கேத்ரின் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எபனேசர் கவுண்டர் கட்டையைப் பிடித்துக்கொண்டான். "சபைப் பணம்க்கா" என்றான் மெதுவாக. "கோயில் கட்டுற பணம்."

ஊரில் கிறிஸ்தவ சபைக்குப் புதுக் கோயில் கட்ட வேண்டும் என்று பத்து வருஷமாக வசூல். அறுவடைக் காணிக்கை, அசனம் என்கிற சபை விருந்தில் மிச்சம், வெளியூர்ப் பிள்ளைகள் அனுப்பியது எல்லாம் சேர்ந்து கிடந்தது. சபை பெயரில் போட்டால் எடுக்கும்போது மேலே பேராயர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஊருக்குப் பயம். இரண்டு நம்பிக்கையான ஆட்கள் பெயரில் போட்டுவிடலாம் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தில் பேசினார்கள். ஞானராஜ் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைப் பொருளாளர், அவர் பெயர் முதலில் வந்தது. இரண்டாவதாக எபனேசர் பெயரைச் சொன்னார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கேத்ரின் எழுந்தாள். அந்தக் கூட்டங்களில் பெண்கள் எழுந்து பேசுவது குறைவு.

"நாட்டையே நம்பிக் குடுத்திருந்தாவ எந் தம்பி கையில. அவன் பேரு ரெண்டாவதா? முதல்ல போடுங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள், முதலில் போட்டார்கள். எபனேசர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பேண்டேஜ் கம்பெனியில் பல நாள் அந்தக் கதை ஓடியது. ஆனால் நோட்டீஸில் வட்டி என்று பார்த்தபோது அவளுக்கும் அது நினைவுக்கு வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. அது காணிக்கைப் பணம். ஆண்டவர் பணத்தைத் தன் பணம் என்று நினைத்தால்தானே நினைவு வரும்.

"எங்க பணம் இல்லம்மா அது. கோயில் பணம்" என்று கேத்ரின் கவுண்டர் பெண்ணிடம் சொன்னாள்.

"யார் பணமோ எங்களுக்குத் தெரியாதும்மா. முதல் பேரு யாருதோ, அவங்க வருமானத்துலதான் வட்டி சேரும்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். புளிச்சோறு. ஆளுக்குப் பாதி.

"ஏமாத்து மெசேஜுன்னியே?"

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். பொறவு மில்லு ஆபீஸ்ல காட்டுனேன். நெசம்னாவ. இந்த பேங்கு வட்டின்னு அவியதான் பாத்துச் சொன்னாவ."

"அப்ப எங்கிட்ட ஏம்ல சொல்லல?"

எபனேசர் சோற்றில் கிடந்த மிளகாயை எடுத்து ஓரமாக வைத்தான். "என் பேன் கார்டு ஒம் பெட்டியிலதானே இருக்கு. சம்பளம் ஓங் கையிலதானே இருக்கு. எனக்குத் தெரியாம எம் பேர்ல நீ சேத்து வச்சிருக்கியோன்னு நெனச்சேன்."

"பதினெட்டு லட்சமா?"

"நீ செய்வக்கா. நீ டீத்தூள இன்னொரு வாட்டி காய்ச்சுறவ."

கேத்ரின் அவனை முறைத்தாள். "அப்ப நீ என்னையச் சந்தேகப்பட்ட."

"நீ படலையாக்கும்? பொறவு எதுக்கு டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு இம்புட்டு தூரம் வந்த?"

பால்கோவா வாங்கலாமா என்று அவன் கேட்டான். இருபத்து நாலாயிரம் கட்ட வேண்டியதை வைத்துக்கொண்டு பால்கோவா கேட்குதா என்றாள். இனி இருந்தது பணத்தின் கவலை மட்டும்தான். அது அவளுக்குப் பழகிய கவலை.

அங்கிருந்தே வத்திராயிருப்பு பஸ் பிடித்து ஊருக்குப் போனார்கள். ஞானராஜ் சார் தோப்பில் மாமரத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நோட்டீஸ் விவரத்தைப் பொறுமையாகக் கேட்டார். வட்டியை யாரும் தொடவில்லை, எல்லாம் டெபாசிட்டோடு சேர்ந்துகொண்டிருக்கிறது என்றார்.

"சபைக்காகக் கட்டுறது, சபைதாம்மா தரணும். ஆனா நான் தனியா எடுத்துக் குடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வைப்போம்."

கேத்ரினுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கணக்குப் பாடம் எடுத்தவர். பேங்க், வரி எல்லாம் தெரிந்தவர். "சார், முதல் பேருக்குத்தான் வரி வரும்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

ஞானராஜ் சார் மண்வெட்டியை ஊன்றி நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"தெரியும். என் பென்ஷனுக்கு ஏற்கெனவே வரி கட்டுறேன். இதுவும் சேந்தா என்ன செய்யன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நீ எந்திரிச்சு, முதல்ல போடுங்கன்ன. சரின்னு சும்மா இருந்துட்டேன். ஒந் தம்பிக்கு எங்க வரப்போகுதுன்னு நெனச்சேம்மா."

கேத்ரின் அவரையே பார்த்தாள். அன்றைக்குக் கை தட்டியவர்களில் மற்றவர்களைவிட இவர்தான் சத்தமாகத் தட்டினார் என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி உட்கார்ந்தது. ஞானராஜ் சார் விஷயத்தைச் சொன்னார். தன் பங்கையும் ஒளிக்காமல் சொன்னார். எபனேசர் சுவரோரமாக நின்றான். டிராக்டர் வைத்திருக்கும் பெனின் எழுந்தான். கோயிலுக்கு வேறு யாரையும்விட அதிகம் கொடுத்தவன் அவன் அப்பா.

"நான் தப்பாக் கேக்கல" என்று ஆரம்பித்தான். தப்பாகத்தான் கேட்டான். "பணம் இவிய பேர்ல இருக்கு. வட்டியும் இவிய பேர்ல வருது. இப்ப வரின்னு சொல்லி ஒரு தாளக் கொண்டாந்து இருவத்தி நாலாயிரம் கேக்காவ. இந்தக் காலத்துல தாள் அடிக்க எம்புட்டு நேரம்? வட்டி நெசமாவே டெபாசிட்லதான் இருக்கா? நாம யாராச்சும் போயிப் பாத்தமா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு. யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எபனேசர் முகம் கறுத்தது. அவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்று கேத்ரினுக்குத் தெரியும். சண்டையில் நிற்பான், சந்தேகத்துக்கு முன்னால் நிற்கத் தெரியாது. அப்படியே வெளியே நடந்துவிடுவான். போனால் இந்த ஊருக்குத் திரும்பி வர மாட்டான். வராவிட்டால் பெனின் சொன்னதுதான் ஊரில் நிலைக்கும்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் மறுபடியும் எழுந்தாள்.

"ஏலே பெனின், நீ கேட்டது நியாயந்தான்" என்றாள்.

பெனின் இதை எதிர்பார்க்கவில்லை.

"நீ இன்னைக்குக் காலையிலதான் சந்தேகப்பட்ட. நான் இந்த மாசம் பூரா சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். தாள் வந்த அன்னைக்கே வெங்கடேஸ்வரிகிட்டக் கேட்டேன். அவளையும் சந்தேகப்பட்டேன். இவன் பொண்டாட்டியோட குக்கரைச் சந்தேகப்பட்டேன். இவன் சோத்தத் தூக்கிக்கிட்டு மில்லுக்குப் போனேன், அங்க இல்ல. பேங்குக்குப் போனேன், அங்க வச்சுப் பிடிச்சேன். இந்த சாரையும் விடல, அவர் மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். என்னைய விட ஒருத்தி இவனைத் துருவிப் பாத்துர முடியாது. நானே தோண்டிப் பாத்துட்டேன்ப்பா, ஒண்ணும் ஆப்புடல."

முதலில் பின்வரிசைக் கிழவி ஒருத்திதான் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஷீனா சிரிக்கவில்லை. குக்கர் என்ற சொல் வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சிரிக்காதிய" என்றாள் கேத்ரின். "நாங்களே மொதல்ல கட்டுதோம். ரசீது கொண்டாரோம். பெனின் பேங்குக்கும் போகட்டும், ஞானராஜ் சார் கூட்டிக்கிட்டுப் போவாரு. வட்டி இருக்கான்னு பாக்கட்டும். பாத்துட்டுப் பொறவு தாங்க. பாக்காமத் தந்தா நான் வாங்க மாட்டேன்."

அவர்கள் கட்டியது எபனேசர் மகளின் நர்சிங் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம். அதைக் கூட்டத்தில் அவள் சொல்லவில்லை. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரி சென்டரில் உட்கார்ந்து கட்டும்போது, பணம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேத்ரின் திரும்பத் திரும்பக் கேட்டாள். ரசீதை இரண்டு நகல் எடுத்தாள்.

பெனின் சொன்னபடி பேங்குக்குப் போனான். பார்த்தான். அடுத்த வாரம் அவனே பைக்கில் ராஜபாளையம் வந்து, அசனக் கணக்கிலிருந்து கமிட்டி எடுத்துத் தந்த பணத்தை மேசை மேல் வைத்தான். ரசீதைக் கேட்டு வாங்கினான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான், போனில் படம் எடுத்தான், மறுபக்கத்தையும் எடுத்தான். மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

கேத்ரின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல்முறையாக அந்தப் பையனை அவளுக்குப் பிடித்தது. "உக்காருப்பா, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். ஷீனா காப்பியைக் குக்கருக்குப் பக்கத்தில் வைத்துக் கலக்கி, மதினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் குக்கர் விஷயத்தை ஷீனா இன்னும் மன்னிக்கவில்லை. இப்போதைக்கு மன்னிக்கவும் மாட்டாள்.

ஃபீஸ் கட்டியாயிற்று. டெபாசிட்டைச் சபை பெயருக்கே மாற்றுவது என்று கூட்டத்தில் முடிவானது. கையெழுத்துப் போட எபனேசரையும் கூப்பிட்டார்கள். கேத்ரின் கூடவே போனாள். ஞானராஜ் சார் பேனாவை நீட்டி, "எங்க போடணும்னு அக்காகிட்டக் கேட்டுக்கோப்பா" என்றார். "கடைசில போடு" என்றாள் கேத்ரின்.

திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். எபனேசர் நேராக டூட்டிக்குப் போக வேண்டும் என்று செக்யூரிட்டி உடுப்பில் வந்திருந்தான். கண்டக்டர் டிக்கெட் கேட்டு நெருக்கியடித்துக்கொண்டு வந்தார். எபனேசர் தொப்பியைக் கழற்றி, உள்பக்க மடிப்பிலிருந்து ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினான்.

"ஐநூறுக்குச் சில்லறை கெடையாதுங்க" என்றார் கண்டக்டர்.

"நான் தாரேன்" என்று கேத்ரின் பர்ஸைத் திறந்து இரண்டு டிக்கெட்டுக்கும் சரியாக எண்ணிக் கொடுத்தாள். பிறகு தம்பி கையிலிருந்த ஐநூறை மெல்ல உருவித் தன் பர்ஸில் போட்டு மூடினாள்.

பஸ் கிளம்பி, சத்தம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏலே எபி, தொப்பிக்குள்ள ஐநூறு ஏதுல?"